கூடுதல் மின்பாதையால் வரும் படபடப்பு: மாத்திரை போதுமா, அப்லேஷன் தேவையா?

உங்கள் தம்பிக்கு 26 வயது. இரண்டு முறை முன்னறிவிப்பே இல்லாமல் இதயம் மிக வேகமாக அடித்திருக்கிறது. இரண்டாவது முறை அவசரப் பிரிவில் ஓர் ஊசி போட்டதும் சில நொடிகளில் அது நின்றிருக்கிறது. பிறகு எடுத்த இசிஜியைப் பார்த்துவிட்டு உல்ஃப்-பார்க்கின்சன்-வைட் (இதயத்தில் பிறவியிலேயே கூடுதல் மின்பாதை ஒன்று இருக்கும் நிலை) என்று சொல்லி, இபி ஸ்டடியும் (இதயத்துக்குள்ளிருந்தே மின்தடங்களை அளக்கும் பரிசோதனை) தேவைப்பட்டால் அப்லேஷனும் (அந்தப் பாதையைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) செய்துகொள்ளும்படி மருத்துவர் அறிவுறுத்தியிருக்கிறார். இப்போது நன்றாக இருப்பவருக்கு எதற்காக இதயத்துக்குள் கம்பிகளைச் செலுத்த வேண்டும், மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா என்பது உங்கள் கேள்வி. உங்கள் அம்மாவுக்கும் பல ஆண்டுகளாக இதே போன்ற படபடப்பு உண்டு என்றும், ஆனால் அவருடைய இசிஜி ஒவ்வொரு முறையும் சரியாகவே இருக்கிறது என்றும், இது பரம்பரையாக வருவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மாத்திரைக்கும் அப்லேஷனுக்கும் இடையிலான தேர்வு போலத் தோன்றினாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இந்தக் கூடுதல் பாதையால் தம்பியின் உயிருக்கு ஆபத்து உண்டா என்பதைத்தான் என்று நினைக்கிறேன். இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கான பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவன் என்ற முறையில் இதற்கு விடை எழுதுகிறேன். அவருடைய இசிஜியைப் பார்க்காமல் அவரைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தத் தீர்ப்பு எதை வைத்துச் செய்யப்படுகிறது என்பதை மட்டும் விளக்க முடியும்.

இயல்பான இதயத்தில் ஒவ்வொரு துடிப்பும் வலது மேலறையின் உச்சியில் உள்ள சைனஸ் கணுவில் பிறக்கிறது. அந்த மின்தூண்டல் இரண்டு மேலறைகளிலும் பரவி, ஏவி கணு என்ற ஒரே வாசல் வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே, வால்வுகளைச் சுற்றி, மின்சாரத்தைக் கடத்தாத நார்த்திசு வளையம் இருப்பதால் வேறு எந்த இடத்திலும் மின்தூண்டல் கீழே கடந்துவிட முடியாது. ஏவி கணு வெறும் வாசல் மட்டுமன்று, ஏரியின் மதகைப் போன்றது. மேலே எவ்வளவு பெருக்கெடுத்தாலும் கீழே தாங்கக்கூடிய அளவுக்கே அது திறந்துவிடுகிறது. ஒவ்வொரு தூண்டலையும் சுமார் பத்தில் ஒரு நொடி தாமதப்படுத்துவதும், தூண்டல்கள் மிக விரைவாக வந்து மோதும்போது பலவற்றைத் தடுத்து நிறுத்திவிடுவதும் அதன் இயல்பு. கருவில் இதயம் உருவாகும் காலத்தில் மேலறைத் தசையும் கீழறைத் தசையும் தொடர்ச்சியாகவே இருக்கின்றன. நார்வளையம் வளர்ந்து அந்தத் தொடர்பைத் துண்டிக்கும்போது எங்கோ ஓரிடத்தில் மெல்லிய தசையிழை ஒன்று துண்டிக்கப்படாமல் எஞ்சிவிட்டால் அதுவே கூடுதல் மின்பாதையாகிறது. அந்த இழை சாதாரண இதயத் தசையால் ஆனது என்பதால் ஏவி கணுவுக்கு உரிய தாமதமும் தடுப்பும் பெரும்பாலும் அதற்குக் கிடையாது. இனி நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வேறுபாடே அடிப்படை.

1930ஆம் ஆண்டில் லூயிஸ் உல்ஃப், ஜான் பார்க்கின்சன், பால் டட்லி வைட் ஆகிய மூன்று மருத்துவர்கள், மற்றபடி நலமாக இருந்த 11 இளம் நோயாளிகளிடம் ஒரே மாதிரியான விசித்திர இசிஜியும் அவ்வப்போது வந்துபோகும் அதிவேகத் துடிப்பும் சேர்ந்திருப்பதைப் பதிவு செய்தார்கள். இசிஜியில் அந்தத் தோற்றம் ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர் வரை காணப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோரின் இதயம் அமைப்பில் முற்றிலும் இயல்பானது. சிலருக்கு மட்டும், குறிப்பாக வலப்புற வால்வு பிறவியிலேயே கீழிறங்கி அமைந்துள்ள எப்ஸ்டைன் குறைபாடு உள்ளவர்களுக்கு, கூடுதல் பாதைகளும் சேர்ந்தே இருக்கும், சில நேரம் ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கும். அதனால்தான் இத்தகைய எல்லோருக்கும் ஒரு முறையாவது எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம், எடுத்துப் பார்க்கிறோம். உங்கள் தம்பிக்கு அது எடுக்கப்பட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கப்படவில்லை என்றால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இசிஜியில் இது எப்படித் தெரிகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குழப்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. மேலறையிலிருந்து வரும் தூண்டல் ஏவி கணுவில் காத்திருக்கும் நேரத்தில், கூடுதல் பாதை வழியாகச் சென்ற தூண்டல் கீழறையின் ஒரு பகுதியை முந்திக்கொண்டு எழுப்பிவிடுகிறது. அதனால் மேலறை எழுவதிலிருந்து கீழறை எழத் தொடங்கும் வரையான பிஆர் இடைவெளி 0.12 நொடிக்கும் குறைவாகச் சுருங்குகிறது. கீழறைகள் எழுவதைக் காட்டும் கியூஆர்எஸ் அலை செங்குத்தாக எழுவதற்குப் பதிலாகச் சரிவாகத் தொடங்குகிறது. அந்தச் சரிவே டெல்டா அலை. அலை முழுவதும் அகன்றும் காணப்படும். ஆனால் எவ்வளவு பகுதி முந்தி எழுப்பப்படுகிறது என்பது மனிதருக்கு மனிதர் மட்டுமல்லாமல், ஒரே மனிதரிடமே நேரத்துக்கு நேரம் மாறும். பாதை இதயத்தின் இடப்பக்கவாட்டில், சைனஸ் கணுவிலிருந்து தொலைவில் இருந்தால், தூண்டல் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஏவி கணுவின் வழியாக இறங்கியது கீழறையை எட்டிவிடும். டெல்டா அலை கண்ணில் படாத அளவுக்குச் சிறியதாகிவிடும். சில பாதைகள் ஒரு துடிப்பில் கடத்தி அடுத்த துடிப்பில் கடத்தாமல் விட்டுவிடும். கீழ்நோக்கித் திரும்பிய டெல்டா அலையைப் பார்த்து, பழைய மாரடைப்பின் தழும்பு என்று இயந்திரம் தானாக அச்சிட்டுத் தருவதையும், அதை நம்பி இளைஞர் ஒருவர் மாதக்கணக்கில் அஞ்சிக்கொண்டிருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். இயந்திரம் தரும் வாசகத்தை விட, அலைகளைப் படிக்கத் தெரிந்த ஒருவரின் பார்வையை நம்புங்கள்.

இனி, படபடப்பு எப்படி உண்டாகிறது என்பது. கீழிறங்க இரண்டு வழிகள் இருக்கும்போது, ஏதேனும் ஒரு முந்திய துடிப்பு கூடுதல் பாதையில் தடைபட்டு ஏவி கணு வழியாக மட்டும் இறங்கக்கூடும். அது கீழறையை எழுப்பி முடிக்கும் நேரத்தில் கூடுதல் பாதை மீண்டும் கடத்தும் நிலைக்கு வந்திருந்தால், அதே தூண்டல் அந்தப் பாதை வழியாக மேலறைக்கு ஏறி, மறுபடி ஏவி கணு வழியாக இறங்கி, ஓயாமல் சுற்றத் தொடங்கும். நிமிடத்துக்கு 150 முதல் 250 வரை துடிப்புகள் அப்படித்தான் வருகின்றன. இந்தச் சுற்றில் கீழறை இயல்பான வழியிலேயே எழுப்பப்படுவதால், படபடப்பின்போது எடுக்கும் இசிஜியில் டெல்டா அலை இருக்காது, கியூஆர்எஸ் குறுகியதாக இருக்கும். துடிப்பு இயல்புக்குத் திரும்பிய பின்னரே டெல்டா அலை வெளிப்படும். உங்கள் தம்பியிடம் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும், ஏனெனில் ஊசிக்குப் பிறகு எடுத்த இசிஜியில்தான் கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சுற்று இந்தத் திசையில்தான் நிகழ்கிறது. எதிர்த்திசையில், அதாவது கூடுதல் பாதையில் இறங்கி ஏவி கணுவில் ஏறும் சுற்று அரிது. அப்போது கியூஆர்எஸ் மிக அகன்று, கீழறையிலேயே பிறக்கும் ஆபத்தான அதிவேகத் துடிப்பைப் போலவே தோற்றமளிக்கும்.

உங்கள் அம்மாவைப் பற்றிய கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. எல்லாக் கூடுதல் பாதைகளும் இரு திசையிலும் கடத்துவதில்லை. பல பாதைகள் கீழறையிலிருந்து மேலறைக்கு மட்டுமே கடத்தும். அவை சாதாரண வேளையில் இசிஜியில் எந்தத் தடயமும் விடாமல் மறைந்திருக்கும், ஆனால் சுற்றுக்கு மட்டும் இடம் கொடுக்கும். இன்னொரு சாத்தியமும் உண்டு: பெரியவர்களிடம், அதிலும் பெண்களிடம், மிகுதியாகக் காணப்படும் திடீர்ப் படபடப்பு, வால்வு வளையத்தைக் கடக்கும் பாதையால் வருவதன்று, ஏவி கணுவுக்குள்ளும் அதன் அருகிலும் வேகமானதும் மெதுவானதுமாக இரண்டு நுழைவழிகள் இருப்பதால் வருவது. ஆகவே, படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்த இசிஜி சரியாக இருக்கிறது என்பது, படபடப்புக்கு மின்காரணம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. விளக்கை அணைத்ததுபோல் ஒரே நொடியில் நிற்பது, கழுத்தில் துடிப்பு தெறிப்பது, படபடப்பு அடங்கிய பிறகு சிறுநீர் அதிகமாகப் போவது ஆகியவை அம்மாவிடம் உண்டா என்று கேளுங்கள். இவை இருந்தால் அது வெறும் மனப்பதற்றமாக இருக்க வாய்ப்புக் குறைவு. இளம்பெண்களும் நடுவயதுப் பெண்களும் இந்த நோயோடு ஆண்டுக்கணக்கில் மனநல மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. படபடக்கும் அந்தச் சில நிமிடங்களில் எடுக்கப்பட்ட ஓர் இசிஜி கையில் இருந்தால் அந்த ஆண்டுகள் வீணாகியிருக்காது. ஒற்றைத் தடத்தைப் பதிவு செய்யும் கைக்கடிகாரம் கூட இதற்கு உதவும். பாதையின் இடத்தை அது காட்டாது, ஆனால் துடிப்பின் வேகத்தையும் ஒழுங்கையும் காட்டிவிடும். பரம்பரையைப் பொறுத்தவரை, பெரும்பாலானோருக்கு இது தனித்து நேரும் பிறவி அமைப்பே. நெருங்கிய உறவினரிடையே சற்றுக் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. பிஆர்கேஏஜி2 என்ற மரபணுவின் மாற்றத்தால் இதயத் தசைத் தடிப்போடு சேர்ந்து வரும் குடும்ப வகை ஒன்றும் உண்டு. அது மிக அரிது, எக்கோவில் தசை தடித்திருந்தால்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன சுழற்சித் துடிப்பு எவ்வளவு அச்சுறுத்தினாலும், அமைப்பில் நலமான இதயத்தில் அதனால் மட்டும் உயிர் போவது மிக அரிது. அந்தச் சுற்றில் ஏவி கணுவும் ஓர் உறுப்பு என்பதால் வேகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மேலறை ஒழுங்கிழந்து நிமிடத்துக்கு 350க்கும் மேற்பட்ட தூண்டல்களோடு குறுநடுக்கம் கொள்ளும் நிலை ஒன்று உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று உங்கள் மருத்துவர் குறிப்பிடுவது அதைத்தான். கூடுதல் பாதை உள்ளவர்களிடம், இளம் வயதிலேயே கூட, இது வரக்கூடும். சாதாரணமானவரிடம் ஏவி கணு அந்த வெள்ளத்தைத் தடுத்துவிடும். கீழ்நோக்கிக் கடத்தும் கூடுதல் பாதை உள்ளவரிடம் அந்தத் தூண்டல்கள் தடையின்றி இறங்குகின்றன. பாதை மிக வேகமாகக் கடத்தும் தன்மையுடையதானால் கீழறையும் நிமிடத்துக்கு 250, 300 என்று துடித்து, இறுதியில் அதுவும் குறுநடுக்கத்துக்குள் விழுந்து, இரத்த ஓட்டம் நின்றுவிடும். எனவே ஒருவருக்குக் கூடுதல் பாதை இருக்கிறதா என்பதை விட, அந்தப் பாதை கீழ்நோக்கிக் கடத்துகிறதா, கடத்தினால் எவ்வளவு வேகத்தில் கடத்துகிறது என்பதே உயிர் சார்ந்த கேள்வி. அம்மாவிடம் இருப்பது மேல்நோக்கி மட்டும் கடத்தும் மறைந்த பாதையாகவோ ஏவி கணுவை ஒட்டிய சுற்றாகவோ இருந்தால், இந்த ஆபத்து அவருக்கு இல்லை. தம்பிக்கு அது உண்டா என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

அந்த ஆபத்து எவ்வளவு பெரியது? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, படபடப்பு வந்த நோயாளிகளிடம் வாழ்நாள் முழுவதையும் கணக்கில் கொண்டால் திடீர் மரணத்தின் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று, நான்கு என்ற அளவில் மதிப்பிடப்படுகிறது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் தற்செயலாக இசிஜியில் கண்டுபிடிக்கப்பட்டவர்களிடம் அது ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. சிறிய எண்கள்தான். ஆனால் இளம் வயதினரின் எண்கள் இவை, முழுமையாகத் தடுக்கக்கூடிய மரணங்களைப் பற்றியவை என்பதால் நாங்கள் அவற்றை அலட்சியம் செய்வதில்லை. அந்த ஆபத்து எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டதும் அன்று. மெதுவாகக் கடத்தும் பாதையுடையவருக்கு ஏறக்குறைய ஆபத்தே இல்லை; மிக வேகமாகக் கடத்தும் பாதையுடையவருக்குச் சராசரியை விடப் பல மடங்கு அதிகம். சராசரியை மட்டும் பார்த்து ஆறுதலடைவதும் அஞ்சுவதும் இரண்டுமே தவறு.

இதிலிருந்தே அவசரச் சிகிச்சையில் கவனிக்க வேண்டிய ஒன்று பிறக்கிறது. உங்கள் குடும்பத்தில் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒழுங்கான, குறுகிய கியூஆர்எஸ் கொண்ட படபடப்பு வந்தால், ஏவி கணுவைச் சில நொடிகள் தடுத்து நிறுத்தினாலே சுற்று அறுந்துவிடும். மூச்சைப் பிடித்து முக்குவது இதற்கு உதவும். அதிலும், சாய்ந்து உட்கார்ந்தபடி 15 நொடிகள் முக்கி முடித்த உடனே மல்லாந்து படுக்க வைத்து இரு கால்களையும் 45 பாகைக்கு உயர்த்திப் பிடிக்கும் மாற்றுமுறையில், சாதாரண முறையில் 17 விழுக்காட்டினருக்கு நின்ற படபடப்பு 43 விழுக்காட்டினருக்கு நின்றது என்று 2015இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. அதற்கும் அடங்காவிட்டால் அடினோசின் ஊசி. உங்கள் தம்பிக்குப் போட்டது பெரும்பாலும் இதுதான். சில நொடிகளே உடலில் நிற்கும் இந்த மருந்து, மார்பை அழுத்துவது போன்ற அச்சமூட்டும் உணர்வைத் தந்து மறைந்துவிடும். ஆனால் துடிப்பு வேகமாகவும் ஒழுங்கற்றும், கியூஆர்எஸ் அகன்றும் அலைக்கு அலை வேறுபட்டும் இருந்தால் அது மேற்சொன்ன மேலறைக் குறுநடுக்கமாக இருக்கலாம். அந்நிலையில் அடினோசின், வெராபமில், டில்டியாசெம், டிஜாக்சின், பீட்டா தடுப்பான் ஆகியவற்றை ஊசியாகக் கொடுக்கக் கூடாது. அவை மதகை மூடிவிட்டுத் தடையற்ற பாதையை மட்டும் திறந்து வைப்பவை. நிலைமையைக் கைமீறச் செய்யக்கூடியவை. சிரை வழி அமியோடரோன் பாதுகாப்பானது என்று முன்பு கருதப்பட்டது. இப்போது அதையும் தவிர்க்கவே வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அங்கே சரியான சிகிச்சை மின்னதிர்ச்சி; இரத்த அழுத்தம் நிலையாக இருந்து, மருந்தும் கிடைக்குமானால் புரோகெய்னமைடு அல்லது ஐபியூட்டிலைடு. தம்பி தன் டெல்டா அலை உள்ள இசிஜியின் நகலைக் கைப்பேசியில் எப்போதும் வைத்திருக்கட்டும். முன்பின் தெரியாத ஓர் அவசரப் பிரிவில் அந்த ஒரு படம் மருத்துவரின் கையைத் தவறான மருந்திலிருந்து தடுத்துவிடும்.

பாதையின் வேகத்தை எப்படி அளப்பது? ஊசி படாத வழிகள் சில உண்டு. ஓடும் பட்டையில் நடக்கவிட்டுத் துடிப்பு உயரும்போது ஒரே துடிப்பில் டெல்டா அலை திடீரென்று முற்றிலும் மறைந்தால், அந்தப் பாதை விரைவிலேயே களைத்துவிடும் இயல்புடையது என்று கொள்ளலாம். அது நல்ல செய்தி. ஆனால் உடற்பயிற்சியில் ஏவி கணுவும் வேகமாகக் கடத்தத் தொடங்குவதால் டெல்டா அலை சிறுகச் சிறுகக் குறைவதும் உண்டு; அதைத் திடீர் மறைவு என்று தவறாகப் படித்து ஆபத்தில்லை என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு நாள் முழுதும் இசிஜியைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியில் டெல்டா அலை விட்டுவிட்டு வருவதும் பொதுவாகச் சாதகமான அடையாளமே, என்றாலும் முழு உறுதி தருவதில்லை. உறுதியான அளவீடு இபி ஸ்டடியில்தான் கிடைக்கிறது. தொடையின் மேற்பகுதியில் உள்ள சிரை வழியாக, மரத்துப்போகும் ஊசி போட்டு, கதீட்டர்கள் என்ற மெல்லிய மின்முனைக் குழாய்கள் மூன்று நான்கை இதயத்துக்குள் செலுத்துகிறோம். ஒன்று மேலறையில், ஒன்று ஏவி கணுவிலிருந்து தூண்டலைக் கீழறைகளுக்குக் கொண்டுசெல்லும் ஹிஸ் கற்றையில், ஒன்று வலது கீழறையில், இன்னொன்று இடப்பக்க வால்வைச் சுற்றி ஓடும் கரோனரி சைனஸ் என்ற சிரையில் வைக்கப்படும். பிறகு படபடப்பை நாங்களே தூண்டி, எந்தக் கதீட்டரில் முதலில் மின்தடம் எழுகிறது என்று பார்த்துப் பாதையின் இடத்தை அறிகிறோம். மேலறைக் குறுநடுக்கத்தையும் தேவைப்பட்டால் தூண்டி, முந்தி எழுப்பப்பட்ட இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான மிகக் குறைந்த இடைவெளியை அளக்கிறோம். அது 250 மில்லிநொடி அல்லது அதற்கும் குறைவு என்றால் அபாயமுள்ள பாதை. இந்த அளவுகோல் நல்ல வழிகாட்டி. ஆனால் அந்த அளவுக்குக் கீழே வரும் எல்லோருக்கும் ஆபத்து நேரும் என்றோ, அதற்கு மேல் உள்ள யாருக்கும் நேராது என்றோ சொல்லும் அளவுக்குக் கூர்மையானதன்று.

மாத்திரையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நேரடியான விடை: மாத்திரை படபடப்பின் எண்ணிக்கையைக் குறைக்கும், பாதையை அகற்றாது. ஃபிளெகெய்னைடு, புரோபஃபெனோன் ஆகியவை கூடுதல் பாதையின் கடத்தலையே மட்டுப்படுத்துபவை. மாரடைப்போ இதயத் தசை நோயோ உள்ளவர்களுக்கு அவற்றைக் கொடுப்பதில்லை. பீட்டா தடுப்பானும் வெராபமிலும் ஏவி கணுவின் மேல் வேலை செய்பவை. மறைந்த பாதை உள்ளவர்களுக்கு அவை பொருந்தும், ஆனால் டெல்டா அலை உள்ளவர்களுக்கு டிஜாக்சினையும் வெராபமிலையும் தொடர் மருந்தாகத் தருவதைத் தவிர்க்கிறோம். நாள்தோறும் தவறாமல் விழுங்க வேண்டும் என்பதையும், 26 வயதில் தொடங்கினால் எத்தனை ஆண்டுகள் அது நீளும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். மருந்துக்கே முதலிடம் தர வேண்டியவர்களும் இருக்கிறார்கள்: கைக்குழந்தைகளிடம் முதல் ஆண்டுக்குள்ளேயே பாதை செயலிழந்துவிடுவது பரவலாகக் காணப்படுவதால் அவர்களுக்கு மருந்தோடு காத்திருப்பதே முறை, கருவுற்றிருக்கும் பெண்களுக்கும், முடிந்தவரை, பிரசவம் வரை அப்படியே.

அப்லேஷன் இன்று எளிமையாகத் தோன்றுவதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1968இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் வில் சீலி என்ற அறுவை மருத்துவர், ஒரு நோயாளியின் மார்பைத் திறந்து, இதயத்தின் மேற்பரப்பில் மின்தடங்களைப் பதிவு செய்து பாதையைக் கண்டறிந்து, அதை வெட்டித் துண்டித்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிரந்தரத் தீர்வு என்றால் மார்பைத் திறப்பதுதான். 1980களில் கதீட்டர் வழியாக மின்னதிர்ச்சி கொடுத்துத் திசுவை அழிக்கும் முறை வந்தது. அதன் வீச்சைக் கட்டுப்படுத்துவது கடினமாக இருந்தது. ரேடியோ அலைவரிசை மின்சாரத்தைப் பயன்படுத்தி 166 நோயாளிகளிடம் செய்த சிகிச்சையின் முடிவுகளை 1991இல் வாரன் ஜாக்மன் குழுவினர் வெளியிட்டபோது, ஏறக்குறைய எல்லோரிடமும் பாதை துண்டிக்கப்பட்டிருந்தது. அன்று முதல் அறுவை சிகிச்சைக்குத் தேவை ஏறத்தாழ இல்லாமல் போயிற்று.

செய்முறை இதுதான். இபி ஸ்டடியில் பாதையின் இடம் தெரிந்தவுடன் அதே அமர்வில் இன்னொரு கதீட்டரை வால்வு வளையத்தின் மேல் நகர்த்தி, மேலறைத் தடமும் கீழறைத் தடமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் புள்ளியைத் தேடுகிறோம். அங்கே ரேடியோ அலைவரிசை மின்சாரத்தைச் செலுத்தினால், கதீட்டரின் முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும் திசு 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகி, சில மில்லிமீட்டர் அளவில் மட்டும் செயலிழக்கிறது. இடம் சரியாக இருந்தால் ஒரு சில நொடிகளிலேயே திரையில் டெல்டா அலை மறைவதைக் காணலாம். அதன்பின் அரைமணி நேரம் வரை காத்திருந்து, பாதை மீண்டும் உயிர் பெறுகிறதா என்று சோதிக்கிறோம். இடப்பக்கப் பாதைகளை எட்ட, மேலறைகளுக்கு இடையிலான சுவரில் ஊசியால் சிறு துளையிட்டோ, தமனி வழியாக எதிர்த்திசையில் நுழைந்தோ செல்ல வேண்டும். முப்பரிமாண வரைபடக் கருவிகள் வந்த பிறகு எக்ஸ்ரே பயன்பாடு வெகுவாகக் குறைந்திருக்கிறது.

வெற்றி வாய்ப்பு பாதையின் இடத்தைப் பொறுத்தது என்பதை நீங்கள் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். இடப்பக்கவாட்டுப் பாதைகளே எண்ணிக்கையில் அதிகம், அவற்றில் வெற்றி 95 விழுக்காட்டுக்கும் மேல். வலப்பக்கவாட்டில் கதீட்டர் நிலையாக நிற்பது கடினம் என்பதால் பாதை திரும்ப வருவது சற்று அதிகம். ஒட்டுமொத்தமாக நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் பாதை மீண்டும் தலைகாட்டி, இரண்டாவது முறை செய்ய நேர்கிறது. ஹிஸ் கற்றைக்கு மிக அருகில் உள்ள பாதைகள் கடினமானவை. அங்கே சில மில்லிமீட்டர் தவறினாலும் இயல்பான வழியே அழிந்து, பேஸ்மேக்கர் பொருத்த வேண்டிய நிலை வரலாம். அதனால் அத்தகைய இடங்களில் வெப்பத்துக்குப் பதிலாகக் குளிரால் உறையச் செய்யும் கிரையோ முறையைப் பயன்படுத்துவதுண்டு. அதில் முதலில் மிதமாகக் குளிர்வித்துப் பார்த்து, இயல்பான வழி பாதிக்கப்படுவது தெரிந்தால் உடனே நிறுத்தித் திசுவை மீளவிடலாம். திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல் என்பது அந்தப் பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை. மற்ற சிக்கல்களில், தொடையில் இரத்தக் கட்டு ஏற்படுவதுதான் மிகுதி, அது தானே ஆறிவிடும். இதயத்தைச் சுற்றி இரத்தம் கசிந்து அழுத்துவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக நேரும். பக்கவாதம் அதனினும் அரிது. உயிரிழப்பு மிக மிக அரிது. இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் அவர் முழு உண்மையைச் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். டெல்டா அலையும் படபடப்பும் சேர்ந்து இருப்பவருக்கு அப்லேஷனையே முதல் தேர்வாக உலகின் முக்கிய வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கின்றன, அதோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். உங்கள் மருத்துவர் தேவையற்ற எதையும் திணிக்கவில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாமல் இசிஜியில் மட்டும் டெல்டா அலை உள்ளவர்களைப் பற்றித்தான் வல்லுநர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. எல்லோருக்கும் இபி ஸ்டடி செய்து வேகமான பாதையை மட்டும் நீக்க வேண்டும் என்போரும், ஆபத்து மிகக் குறைவு என்பதால் கவனித்து வந்தால் போதும் என்போரும் இருக்கிறார்கள். உங்கள் தம்பி அந்த விவாதத்துக்குள் வருபவர் அல்லர். அதேநேரம் நாளையே செய்தாக வேண்டிய அவசரமும் இல்லை: மயங்கி விழுந்திருந்தாலோ, துடிப்பு ஒழுங்கற்று மிக வேகமாக இருந்ததாகப் பதிவு இருந்தாலோ மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள். இசிஜியைப் பார்த்தால் பாதை எந்தப் பக்கம் இருப்பதாகத் தெரிகிறது? ஹிஸ் கற்றைக்கு அருகில் இருந்து, ஆனால் மெதுவாகக் கடத்துவதாகத் தெரிந்தால் சுடாமல் வெளியே வந்துவிடுவீர்களா? கிரையோ வசதி அங்கே உண்டா? இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று தயங்காமல் சொல்பவரிடம் தம்பியை நம்பி ஒப்படைக்கலாம். ஆபத்தில்லாத பாதையை விட்டுவிட்டு வருவதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதியே.

அப்லேஷன் முடிந்த பிறகு சில வாரங்களுக்கு, படபடப்பு தொடங்கப்போவது போலத் தோன்றி அப்படியே அடங்கிவிடும் உணர்வு பலருக்கு வரும். பழையபடி தூண்டும் துடிப்புகள் இன்னும் எழுகின்றன, ஆனால் சுற்றுவதற்கு வழி இல்லை என்பதே அதற்குக் காரணம்; அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. சில வாரங்கள் கழித்து எடுக்கும் இசிஜியில் டெல்டா அலை திரும்பியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதற்கு முன்பாக இப்போதே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தம்பிக்குப் படபடப்பு இருந்தபோது அவசரப் பிரிவில் எடுத்த இசிஜியும், அடினோசின் ஊசி ஏறும்போது ஓடவிட்ட பதிவுத்தாளும் அந்த மருத்துவமனையின் கோப்பில் இருக்கும். அவற்றின் நகல்களைக் கேட்டு வாங்கி, அப்லேஷன் செய்யப்போகும் மருத்துவரிடம் கொடுங்கள். துடிப்பு எந்த அலையில் முடிந்தது என்பதைக் காட்டும் அந்தத் தாள், இபி ஸ்டடி தொடங்கும் முன்பே அவருக்குப் பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.